பனி பெய்யும் மலைக்குப் போங்கள்: அசாஹிகாவாவில் தங்கி, தனியாக, சிக்கனமாக ஒரு ஸ்னோபோர்டு பயணம்

ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில் உள்ள அசாஹிகாவா நகரத்தில் தங்கும் நாட்களில் காலை ஐந்தரைக்கு எழுந்ததும் ஜன்னல் திரையை விலக்கிக் கீழே கார் நிறுத்துமிடத்தைப் பார்ப்பேன். முந்தைய இரவு யாரோ துடைத்துவிட்டுப் போன காரின் கூரைதான் என் அளவுகோல். அதன்மேல் நான்கு விரல் உயரம் பனி இருந்தால் நிதானமாகக் காலை உணவு சாப்பிடலாம். ஒரு சாண் இருந்தால் முதல் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். எந்த மலைக்கு என்பதை அதற்குப் பிறகுதான் முடிவு செய்வேன்.

இந்த வழிகாட்டியின் சாரமும் இதுதான். முதன்முறை ஆழ்பனி, அதாவது இறுகாமல் ஆழமாகக் குவிந்த புதுப்பனி, தேடிப் போகிறவர்கள் பெயர்பெற்ற ஒரு ரிசார்ட்டில் ஏழு இரவுக்கு அறை எடுத்து, ஏழு நாளுக்கும் மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்ட்டுக்குச் சீட்டு வாங்கி, பனி பெய்யாவிட்டால் கைபிசைந்து நிற்கிறார்கள். நானும் முதல் முறை அப்படித்தான் செய்தேன். மலையடிவாரத்தில் தங்காமல், பல மலைகளுக்குப் பஸ் போகும் ஒரு சாதாரண நகரத்தில் தங்குங்கள். செலவு பாதியாகக் குறைவதோடு, நல்ல பனி கிடைக்கும் வாய்ப்பும் கூடும்.

நான் திருநெல்வேலிக்காரி. டோக்கியோவின் நிஷி-கசாயில் குடியிருந்து ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். ஸ்னோபோர்டில், அதாவது இரு கால்களையும் கட்டிக்கொண்டு பனியில் சறுக்கும் பலகையில், முதலில் கால் வைத்தது காலா யுசாவாவில். ஷின்கான்சென் அதிவேக ரயில் குளிர்காலத்தில் அந்தப் பனிச்சறுக்குத் தளத்துக்குள்ளேயே போய் நிற்கும். டோக்கியோவிலிருந்து ஒன்றேகால் மணி நேரம்தான். அங்கே இரண்டு குளிர்காலம், இயந்திரத்தால் சமன் செய்த சரிவுகளில் விழுந்து எழுந்த பிறகே ஹொக்கைடோவுக்குப் போனேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். போர்டின் இரு விளிம்புகளிலும் தடுமாறாமல் திரும்பவும், நினைத்த இடத்தில் நிற்கவும் வராதவருக்கு இடுப்பளவு பனி வேதனையாகவே இருக்கும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் ஊரில் சொல்வது இங்கே அப்படியே பொருந்தும்.

இந்தப் பனி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் பயணத் தேதியைத் தானாகவே சரியாகத் தேர்ந்தெடுப்பீர்கள். குளிர்காலத்தில் சைபீரியாவின் மேல் உறைந்து கனத்த காற்று ஜப்பானை நோக்கி வீசுகிறது. நடுவில் ஜப்பான் கடல் இருக்கிறது. வெதுவெதுப்பான சுஷிமா நீரோட்டம் ஓடும் கடல் அது. வறண்ட காற்று அந்தக் கடலின் ஈரத்தை உறிஞ்சி, மறுகரையில் மலைகளில் மோதி மேலே ஏறி, பனியாகக் கொட்டித் தீர்க்கிறது. வங்கக் கடலின் ஈரத்தைச் சுமந்துவந்து நம் கரையில் மழையாக இறக்கும் வடகிழக்குப் பருவக்காற்றும் இதே ஆசியக் குளிர்காலக் காற்றோட்டத்தின் இன்னொரு கைதான். முதன்முதலில் இதைப் படித்தபோது ஐப்பசி அடைமழை நினைவுக்கு வந்தது. அன்றிலிருந்து இந்தப் பனி எனக்கு அந்நியமாகத் தோன்றியதில்லை.

இந்தக் காற்று ஓயாமல் வீசும் காலம் ஜனவரி முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரை. புத்தாண்டு விடுமுறை வாரத்தில் விலை ஏறியிருக்கும். பிப்ரவரித் தொடக்கத்தில் சப்போரோ பனித் திருவிழாவும், அதே சமயத்தில் அசாஹிகாவாவின் குளிர்காலத் திருவிழாவும் வருவதால் அறை கிடைப்பதே அரிது. சீனப் புத்தாண்டு எப்போது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். என் கணக்கில் ஜனவரியின் இரண்டாவது, மூன்றாவது வாரங்கள் மிகச் சிறந்தவை. பனி ஏராளமாக இருக்கும். அறை வாடகையும் கையைக் கடிக்காது.

ஏன் அசாஹிகாவா? ஹொக்கைடோவின் நடுவே, கடலிலிருந்து தள்ளி இருப்பதால் குளிர் அதிகம். 1902 ஜனவரி 25 அன்று இங்கே பதிவான மைனஸ் 41 டிகிரிதான் ஜப்பானின் அதிகாரபூர்வக் குளிர்ச் சாதனை. அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. இப்போதெல்லாம் ஜனவரிக் காலைகளில் மைனஸ் 10 சாதாரணம், மைனஸ் 20 எப்போதாவது. அந்தக் குளிர்தான் பனியை உலர்ந்த பொடியாக வைத்திருக்கிறது. கையில் அள்ளினால் இலவம்பஞ்சு போல் எடையே தெரியாது. உருண்டை பிடிக்க முயன்றால் விரலிடுக்கில் உதிர்ந்துவிடும்.

இந்த ஊரிலிருந்து போகக்கூடிய மலைகள் ஒவ்வொன்றும் ஒரு விதம். காமுய் ஸ்கீ லிங்க்ஸ் உயரம் குறைந்த, காட்டுக்குள் அமைந்த தளம். கோண்டோலா என்ற மூடிய கூண்டு லிஃப்ட் உண்டு. மரங்களுக்கிடையே இறங்க அனுமதித்த பகுதிகள் உண்டு. பெரிய ஹோட்டல்கள் இல்லாததால் கூட்டமும் குறைவு. ஹொக்கைடோவின் பெயர்பெற்ற ரிசார்ட்டான நிசேக்கோவில் எல்லாத் தளங்களுக்குமான ஒரு நாள் சீட்டு 10,000 யென்னைத் தாண்டிவிட்டது. இங்கே ஏறக்குறைய பாதிதான். பிப்பு அதைவிடச் சிறியது, அதைவிட மலிவானது. ஃபுரானோ பெரியது, சரிவுகள் நீளமானவை. பஸ்ஸிலோ ரயிலிலோ போய்விட்டு மாலையில் திரும்பலாம். அசாஹிடாக்கே இவற்றிலிருந்து முற்றிலும் வேறு. 2,291 மீட்டர் உயரமுள்ள, ஹொக்கைடோவிலேயே மிக உயர்ந்த மலை அது. அங்கே இருப்பது 1,100 மீட்டரிலிருந்து 1,600 மீட்டருக்கு ஏற்றிவிடும் ஒரு ரோப்வே மட்டுமே. குறித்த பாதையை விட்டு விலகினால் அது கட்டுக்கடங்காத காட்டு மலை. முதல் பயணத்தில் வழிகாட்டியோடு மட்டுமே அங்கே போங்கள்.

எங்கே போவது என்பதை வானிலை வரைபடம் சொல்லும். ஜப்பானியத் தொலைக்காட்சி வானிலை அறிவிப்பில் குளிர்காலம் முழுக்க ‘செய்கோ தோத்தெய்’ என்ற சொல் காதில் விழும். மேற்கே உயர் அழுத்தம், கிழக்கே தாழ் அழுத்தம் என்று பொருள். சம அழுத்தக் கோடுகள் வடக்கு தெற்காக நெருக்கி நின்றால் மலையில் பனியும் பலத்த காற்றும் இருக்கும். செயற்கைக்கோள் படத்தில் ஜப்பான் கடலின் மேல் சீப்பால் வாரியதுபோல் மேகக் கோடுகள் தெரியும். அந்தக் கோடுகள் ஆசியக் கரையை ஒட்டியே தொடங்கினால் குளிர் கடுமை என்று அர்த்தம். அப்படிப்பட்ட நாளில் உயரமான இடங்களில் ரோப்வே நின்றுபோகும். அப்போது மரங்கள் காற்றைத் தடுக்கும் காமுய்க்குப் போவேன். மறுநாள் கோடுகள் தளர்ந்து காற்று அடங்கினால் உயரே போகலாம்.

பஸ்கள் நாளுக்கு ஒரு சிலவே. முதல் நாள் மாலையே ரயில் நிலையத்தில் நேர அட்டவணையைப் படம் எடுத்து வையுங்கள், திரும்பும் கடைசி பஸ் உட்பட. ஜனவரியில் நான்கேகால் மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும். பல தளங்களில் நான்கு மணி நேரச் சீட்டு கிடைக்கும், அதையே வாங்குங்கள். புதுப்பனி நண்பகலுக்குள் உழப்பட்டுவிடும், கால்களும் அதற்குள் ஓய்ந்துவிடும்.

இனி ஆழ்பனி. சமன் செய்த சரிவில் கற்றதில் ஒன்றை இங்கே மாற்ற வேண்டும். எடையைச் சற்றே பின்காலுக்குக் கொடுத்து, போர்டின் மூக்கை மேலே மிதக்க விட வேண்டும். வேகம் குறைந்தால் மூழ்குவீர்கள். பயத்தில் நிறுத்த நினைப்பதே விழுவதற்குக் காரணம். திருப்பங்களை அவசரப்படாமல், நீளமாக எடுங்கள். தட்டையான இடம் வருகிறது என்று தெரிந்தால் அதற்கு முன்பே நேராக விட்டு வேகம் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஐம்பது மீட்டர் கடக்க அரை மணி நேரம் தவழ வேண்டியிருக்கும். விழுந்தபின் கையை ஊன்றினால் தோள்வரை உள்ளே போகும், ஊன்ற எதுவும் அகப்படாது. அப்போது போர்டை உங்களுக்குக் கீழ்ப்பக்கமாக, சரிவுக்குக் குறுக்கே கொண்டுவாருங்கள். இரு முன்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே வைத்துப் பனியை அமுக்கி, அந்தத் திட்டின்மேல் எடையைப் போட்டு எழுங்கள்.

மூன்றாவது பயணத்தில் எனக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். அனுமதித்த மரப்பகுதிதான். சரிவிலிருந்து இருபதடிகூட விலகவில்லை. ஒரு தோதோமாட்சு மரம், நம் கண்ணுக்கு கிறிஸ்துமஸ் மரம் போலிருக்கும் ஊசியிலை மரம், அதன் அருகே திரும்பும்போது சறுக்கினேன். தாழ்ந்த கிளைகள் பனியைத் தாங்கிக்கொள்வதால் அடிமரத்தைச் சுற்றி இறுகாத பள்ளம் உண்டாகும். அந்தப் பள்ளத்தில் தலைகீழாக இல்லாமல் பக்கவாட்டில் விழுந்தது என் நல்லூழ். மார்புவரை புதைந்தேன். அசைந்த ஒவ்வொரு முறையும் கிளையிலிருந்து பனி கொட்டியது. உலகத்தில் ஒரு சத்தமும் இல்லை. இருபது மீட்டர் தள்ளி லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. நான் கத்தியது அங்கே கேட்கவில்லை. பின்காலைப் போர்டோடு பிணைக்கும் பைண்டிங்கின் பட்டையை அவிழ்க்க மட்டும் எட்டு நிமிடம் ஆனது. வெளியே வந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தபோது இருபத்தைந்து நிமிடம் கழிந்திருந்தது.

அன்றிலிருந்து தனியாக மரங்களுக்குள் போவதில்லை. ஆழ்பனியில் தனிமை அழகானது. ஆனால் அந்தத் தனிமை தளத்தின் எல்லைக் கயிற்றுக்கு உள்ளே, பிறர் கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும். பனிச்சரிவில் புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் பீக்கன் கருவியை வாங்கிவிட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். உங்கள் பீக்கன் அனுப்பும் சைகையைக் கேட்டு, கோலால் துழாவி, மண்வாரியால் தோண்ட இன்னொருவர் பக்கத்தில் இருந்தால்தான் அதற்குப் பயன். புதைந்து பத்துப் பதினைந்து நிமிடம் கடந்தால் பிழைக்கும் வாய்ப்பு வேகமாகச் சரிந்துவிடுகிறது. அதற்குள் ஊரிலிருந்து யாரும் வந்து சேர முடியாது.

ஆகவே எல்லாவற்றிலும் சிக்கனம் பிடியுங்கள், ஒரு நாள் வழிகாட்டிக்கும் காப்பீட்டுக்கும் மட்டும் தாராளமாகக் கொடுங்கள். குழுவாக அழைத்துப்போகும் வழிகாட்டிகளே பீக்கனும் மண்வாரியும் தருவார்கள். தனியாக வந்தவர்களுக்கு அன்று கூட்டாளிகளும் கிடைப்பார்கள். காப்பீட்டில் ஸ்னோபோர்டு சேர்ந்திருக்கிறதா, தளத்தின் எல்லைக்கு வெளியே நடப்பதற்கும் செல்லுமா என்று வரி வரியாகப் படியுங்கள். மூடிய கயிற்றைத் தாண்டுகிறவர்களைத் தேடும் செலவு பல தளங்களில் அவர்கள் தலையிலேயே விழும். காலையில் எந்த மலை, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று ஒரு காகிதத்தில் எழுதி ஹோட்டல் வரவேற்பில் கொடுத்துவிடுவது என் வழக்கம். யாரும் அதை விசித்திரமாகப் பார்த்ததில்லை. ஆம்புலன்ஸுக்கு 119, போலீசுக்கு 110.

போய்ச் சேரும் வழி: நான் டோக்கியோ பக்கத்து நரித்தா விமான நிலையத்திலிருந்து மலிவு விமானத்தில் சப்போரோவுக்கான நியூ சித்தோசே விமான நிலையத்துக்குப் போய், சப்போரோவிலிருந்து நெடுஞ்சாலை பஸ் பிடிக்கிறேன். சென்னையிலிருந்து வருகிறவர்கள் டோக்கியோவைச் சுற்றாமல் கோலாலம்பூர் வழியாக நேரே சப்போரோவுக்கு வருவதையும் விலை பார்க்கலாம். இந்தியாவில் வசிப்பவர்களுக்கு 2024 ஏப்ரலிலிருந்து சுற்றுலாவுக்கு மின்விசா வந்துவிட்டது. மலேசிய, சிங்கப்பூர் கடவுச்சீட்டு இருந்தால் குறுகிய பயணத்துக்கு விசாவே வேண்டாம். ஜப்பான் முழுக்க ரயிலில் சுற்ற உதவும் ஜேஆர் பாஸ் வாங்காதீர்கள். ஏழு நாள் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக ஏறிவிட்டது. ஒரே ஊரில் தங்குகிறவருக்கு அந்தப் பணம் திரும்பாது.

உடைக்கு டோக்கியோவிலோ சப்போரோவிலோ பழைய பொருள் விற்கும் கடைகளில் தேடுங்கள். என் ஜாக்கெட்டும் கால்சட்டையும் அப்படி வாங்கியவை, ஐந்தாவது வருடமாக உழைக்கின்றன. பூட்ஸ் மட்டும் புதிதாக, காலில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். ஆழ்பனி போர்டை அங்கேயே வாடகைக்கு எடுத்தால் விமானச் சுமை மிச்சம். மேகம் மூடிய வெளிச்சத்துக்கான வெளிர்நிறக் கண்ணாடி கட்டாயம். விரல் பிரிந்த கையுறையைவிட விரல்கள் சேர்ந்திருக்கும் கையுறையே கதகதப்பு. குளிரில் செல்போன் பேட்டரி சட்டென்று இறங்கிவிடும்; உடம்போடு ஒட்டிய உள்பையில் வையுங்கள்.

சாப்பாட்டுக்கு செய்கோமார்ட் கடைகள் இருக்கின்றன. அங்கேயே சமைத்த சூடான சோற்று உருண்டை இரண்டு வாங்கிப் பையில் போட்டால் மதியம் தீர்ந்தது. சைவர்கள் கவனிக்க வேண்டியது மீன் சாறு, அது எல்லாக் குழம்பிலும் ஒளிந்திருக்கும். சப்போரோவில் பிறந்த சூப் கறியை ஒரு நாளாவது குடித்துப் பாருங்கள். நீர்க்க, மசாலா தூக்கலாக, சோற்றோடு வரும் அந்தக் கிண்ணம் ஊர்ப் பக்கத்து ரசத்தை எனக்கு நினைவுபடுத்தியது.

சென்ற ஜனவரியில் ஏழு இரவுக்கு எனக்கு ஆன செலவு இது: விமானம் 22,000 யென், சப்போரோ வழி போக்குவரத்து 7,500, அறை 38,500, ஐந்து நாள் லிஃப்ட் 25,000, மலைப் பஸ்கள் 9,000, சாப்பாடு 16,000, வழிகாட்டி 18,000, காப்பீடு 2,000. மொத்தம் 1,38,000 யென். போர்டு என்னுடையது, ஆகவே வாடகை இதில் இல்லை.

முன்பதிவில் முதலில் விமானம், அடுத்து இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறை, மூன்றாவதாக வழிகாட்டி. வழிகாட்டி நாளைப் பயணத்தின் நடுவில் வையுங்கள். அதற்குள் கால்களுக்குப் பனி பழகியிருக்கும், வானிலையால் தள்ளிப்போனாலும் பின்னால் நாள் இருக்கும். லிஃப்ட் சீட்டு எதையும் முன்கூட்டி வாங்க வேண்டாம். கடைசி இரவை மட்டும் சப்போரோவில் கழியுங்கள். கடும் பனியில் ரயிலும் பஸ்ஸும் நின்றுவிடும் நாட்கள் உண்டு. விமானத்தன்று காலையில் அசாஹிகாவாவில் மாட்டிக்கொள்ளக் கூடாது. அறைக்கு வந்ததும் பூட்ஸின் உள்ளுறையை உருவி, அதற்குள் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து ஹீட்டர் பக்கம் வைத்தால் காலைக்குள் காய்ந்திருக்கும்.