பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கும் முன்: துருவும் கவனிப்பின்மையும் எங்கே ஒளிந்திருக்கும்?

காடு மேடு ஓடிய வண்டி என்பதற்காக எதையும் ஒதுக்க வேண்டியதில்லை. அந்த வேலைக்கென்றே கட்டப்பட்டவை அவை. ஓடி வந்தபின் அடியில் அப்பிய சேற்றைக் கழுவாமல் காயவிட்டதும், தண்ணீரில் இறங்கி ஏறியபின் ஆயிலைத் திறந்து பார்க்காமல் விட்டதும்தான் வண்டியைக் கெடுக்கின்றன. இதை விற்பவர் வாயால் கேட்பது அரிது. வண்டியின் அடிப்பாகத்தில் பார்த்துவிடலாம். அதனால் உங்கள் நேரத்தில் பெரும்பங்கை அங்கேயே செலவிடுங்கள்.

கையோடு கொண்டுபோக வேண்டியவை: நல்ல வெளிச்சமுள்ள டார்ச், கால் கிலோவுக்கு மேற்படாத சிறிய சுத்தியல், தட்டை முனைத் திருப்புளி, மெல்லிய துணி சுற்றிய காந்தம், அளவு நாடா, வெள்ளைத் துணி, கையுறை, படுக்க ஒரு விரிப்பு. போனில் செருகிப் பார்க்கும் எண்டோஸ்கோப் கேமரா கிடைத்தால் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் ஒருபோதும் போகாதீர்கள். ஸ்டாண்டு வேண்டும், அல்லது லிஃப்ட் உள்ள பட்டறைக்கு வண்டியைக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். நீங்கள் வரும்வரை எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதை உங்களுக்குக் காட்ட அவர் விரும்பவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

சேஸ்: முதலில் பார்க்க வேண்டியது, அதிக நேரம் பார்க்க வேண்டியது

இவ்வகை வண்டிகளில் பலவற்றுக்கு ஏணி வடிவ சேஸ்தான் முதுகெலும்பு. நீளவாக்கில் ஓடும் இரண்டு உத்திரங்களும் பெரும்பாலும் உள்ளே வெற்றிடமான பெட்டிக் குழாய்கள். பக்கத்தில் உள்ள துளைகள் வழியாகச் சேறு உள்ளே போகும்; அடியில் உள்ள வடிகால் துளைகள் அதே சேற்றால் அடைபடும். உள்ளே போன ஈரமண் வாரக்கணக்கில் காயாது. வெளியே பெயிண்ட் பளபளத்தாலும் உள்ளே தகடு மெலிந்துகொண்டே வரும். வெளியில் துளை தெரியும்போது உள்வேலை எப்போதோ முடிந்திருக்கும். இரும்பு துருவாக மாறும்போது இடத்தை அதிகம் அடைக்கிறது. ஆகவே இரண்டு தகடுகள் சேரும் விளிம்பு உப்பி, பிளந்து, ஏடு ஏடாக உரிந்து நின்றால் உள்ளே அரிப்பு முற்றிவிட்டது என்று பொருள்.

பின் ஆக்ஸிலுக்கு மேலே சேஸ் வளைந்து எழும் இடத்தில் தொடங்குங்கள். பின் சக்கரங்கள் வாரியடிக்கும் சேறு அங்கேதான் தங்கும். பிறகு பட்டை ஸ்பிரிங் மாட்டியிருக்கும் ஹேங்கர்கள், ஆக்ஸிலைச் சேஸோடு இணைக்கும் கைகளான கன்ட்ரோல் ஆர்ம் பிடிமானங்கள், குறுக்குச் சட்டங்களின் இரு முனைகள், பாடியைத் தாங்கும் ரப்பர் மவுண்டுகள், பெட்ரோல் அல்லது டீசல் டேங்குக்கு மேலுள்ள உத்திரத்தின் முதுகு ஆகியவற்றைப் பாருங்கள். கடைசியாகச் சொன்ன இடத்துக்குக் கண் எட்டாது. கேமராவோ கண்ணாடியோ வேண்டும். டேங்குக்கும் கியர்பாக்ஸுக்கும் அடியில் கல் படாமல் பாதுகாக்கும் தகடு இருந்தால் அதற்குள் கையை விடுங்கள். பிடி மண் வந்தால் அதற்கு மேலுள்ள எல்லாமே நனைந்தபடி கிடந்திருக்கிறது.

விற்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, உத்திரத்தை ஒரு சாண் இடைவெளியில் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று பேசும், சுத்தியலும் துள்ளி எழும். மெலிந்த இடம் டொப்பென்று அமுங்கும். சில நேரம் உள்ளே துருச்செதில் பொலபொலவென்று உதிரும் சத்தமும் கேட்கும். சந்தேகப்பட்ட இடத்தில் திருப்புளி முனையை அழுத்துங்கள். ஆரோக்கியமான சேஸில் கீறல் மட்டும் விழும். முனை உள்ளே இறங்கினால் பேச்சுவார்த்தையை அத்துடன் முடித்துக்கொள்ளலாம்.

புதிதாக அடித்த கறுப்புத் தார்ப்பூச்சு எனக்கு மிகவும் சந்தேகம் தரும் ஒன்று. விற்பனைக்கு முன் அடித்த பூச்சு பெரும்பாலும் துருவின் மேலேயே அடிக்கப்பட்டிருக்கும். கீழே ஈரம் சிக்கிக்கொள்வதால் அரிப்பு இன்னும் வேகமாக நடக்கும். சைலன்சர், பிரேக் பைப், போல்ட் தலை என்று பார்க்காமல் எல்லாவற்றின் மேலும் பூச்சுத் தெறித்திருந்தால் அவசர வேலை. பூச்சு மேடுபள்ளமாக உள்ள இடத்தில் விரலால் அழுத்துங்கள். பழைய ஓட்டையின் மேல் ஒட்டுத்தகடு வைத்து வெல்டிங் செய்த விளிம்பு தட்டுப்படுகிறதா என்றும் தடவிப் பாருங்கள். ஒட்டு வேலை எல்லாமே மோசம் என்று சொல்ல முடியாது. அரித்த பகுதியை முழுதாக வெட்டியெடுத்து, அதே கனத்தில் தகடு வைத்து, இடைவெளியில்லாமல் வெல்டிங் செய்திருந்தால் அது நல்ல வேலை. துருவின் மேல் தகட்டைப் போர்த்தி நாலு பொட்டு வைத்திருந்தால் அது மறைப்பு.

ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பலவீனம் உண்டு. 1997 முதல் 2006 வரை வந்த ஜீப் ராங்லர் டிஜே என்றால், நடுவிலுள்ள பாதுகாப்புத் தகட்டுக்குப் பக்கத்திலும் பின் கன்ட்ரோல் ஆர்ம் பிடிமானத்திலும் சேஸைத் தட்டுங்கள். 2016 வரை வந்த லேண்ட் ரோவர் டிஃபெண்டரின் வெளித்தகடு பெரும்பாலும் அலுமினியம். அதை நம்பி ஏமாறாதீர்கள். சேஸும் டேஷ்போர்டுக்கு முன்னுள்ள தடுப்புச் சுவரான பல்க்ஹெட்டும் இரும்புதான், அழுகுவதும் அவைதான். பின் குறுக்குச் சட்டமும், சேஸிலிருந்து பக்கவாட்டில் நீண்டு பாடியைத் தாங்கும் கைகளும் முதலில் போகும். இரும்பும் அலுமினியமும் ஈரத்தோடு தொட்டுக்கொள்ளும் இடங்களில் அலுமினியம் வெள்ளைப் பொடியாகக் கொப்பளிக்கும். டொயோட்டா டகோமாவின் கதை பலருக்கும் தெரிந்தது. 2008-இல் அமெரிக்காவில் 1995 முதல் 2000 வரையிலான மாடல்களுக்குச் சேஸ் துருவுக்கென்றே அந்நிறுவனம் 15 ஆண்டு உத்தரவாதம் அறிவித்து, மோசமானவற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டது. உறுதிக்குப் பெயர்போன வண்டியையும் உப்பும் ஈரமும் விட்டுவைப்பதில்லை.

கவலைப்படத் தேவையில்லாத துருவும் உண்டு. ஆக்ஸில் குழாய், அதன் நடுவே பல்சக்கரங்களை மூடியிருக்கும் உருண்டை உறையான கிரவுன் ஹவுசிங், சைலன்சர், ஸ்பிரிங் பட்டைகள் ஆகியவற்றின் மேல் படியும் செம்மண் நிறப் படலம், கம்பி பிரஷால் தேய்த்தால் போய்விடும். ஆனால் அதே ஆக்ஸிலில் ஸ்பிரிங் உட்காரும் மேடையும் ஷாக் அப்சார்பர் பிடிமானமும் மெலிந்திருந்தால் அதைச் சாதாரணமாக விடாதீர்கள்.

பாடி

கதவுகளின் அடிவிளிம்பு, சக்கர வளைவின் உட்புறம், படிக்கட்டுக்குக் கீழுள்ள சில், முன் கண்ணாடியைச் சுற்றிய சட்டம், கூரைக் கேரியர் பிடித்திருக்கும் கால்கள் ஆகியவற்றைப் பாருங்கள். காந்தம் ஒட்டாத இரும்புத் தகட்டில் பட்டி வைத்துப் பூசியிருக்கிறார்கள். பெயிண்ட் கன அளவி இருந்தால், தொழிற்சாலைப் பெயிண்ட் பொதுவாக 100 முதல் 180 மைக்ரான் வரை காட்டும். ஆயிரத்தைத் தாண்டினால் கீழே பட்டிதான். சீட்டும் சீட் பெல்ட்டும் தரையோடு சேரும் இடங்களை ரப்பர் மேட்டைத் தூக்கிப் பார்க்காமல் விடாதீர்கள். விபத்தில் உயிரைப் பிடித்து நிறுத்துவது அந்தப் போல்ட்டுகள்தான்.

உருண்ட வண்டியைக் கூரை காட்டிக்கொடுக்கும். பக்கவாட்டில் குனிந்து, கூரையின் மேல் வெளிச்சம் ஓடும் விதத்தைப் பாருங்கள். அலை அலையாகத் தெரிந்தாலோ, கதவு இடுக்கு மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருந்தாலோ கேள்வி கேளுங்கள்.

தண்ணீரில் மூழ்கியதா?

கூரை உயரத்திலிருந்து எஞ்சினுக்குக் காற்று இழுக்கும் ஸ்னார்கெல் குழாய் மாட்டியிருப்பதால் வண்டி நீர்புகாததாகிவிடாது. அது எஞ்சினுக்குள் தண்ணீர் போகாமல் மட்டும் காக்கும். ஆக்ஸில், கியர்பாக்ஸ், ஒயரிங் எல்லாம் வேறு கதை.

முன் சீட் பெல்ட்டை நிதானமாக, கடைசி அங்குலம்வரை இழுங்கள். சுருளுக்குள் எப்போதும் மறைந்திருக்கும் அந்தக் கடைசிப் பகுதியைக் கழுவ யாருக்கும் தோன்றாது. அங்கே பழுப்புக் கோடோ, விரலில் ஒட்டும் மெல்லிய வண்டலோ, மக்கிய வாடையோ இருந்தால் தண்ணீர் சீட் உயரத்துக்கு வந்திருக்கிறது. அடுத்து கார்ப்பெட்டுக்கு அடியிலுள்ள பஞ்சை அழுத்துங்கள். மேலே காய்ந்திருந்தாலும் கீழே ஈரம் மாதக்கணக்கில் இருக்கும். ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, இணைப்பு முனைகளில் பச்சைப் படிவு உள்ளதா என்று பாருங்கள். ஹெட்லைட்டுக்குள் மண் கோடு, ஆல்டர்னேட்டரின் காற்றுத் துளைகளில் உலர்ந்த களிமண் ஆகியவையும் சாட்சிகள். கடற்கரையில் ஓடிய வண்டியில் பிளாஸ்டிக் மூடிகளுக்குப் பின்னால் மணல் இருக்கும், எஞ்சின் அறையின் அலுமினிய பாகங்களில் வெண்பொடி படிந்திருக்கும். அப்படிப்பட்ட வண்டியில் சேஸை இரண்டாம் முறை தட்டிப் பாருங்கள்.

ஆயில் சொல்லும் உண்மை

ஓடிச் சூடான கிரவுன் ஹவுசிங் குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளே உள்ள காற்று சுருங்கும். மேலேயுள்ள ப்ரீதர் குழாய் திறந்திருந்தால் அது காற்றை இழுத்துக்கொள்ளும். சேற்றால் அடைத்திருந்தால் ஆயில் சீல் வழியே தண்ணீரை இழுக்கும். முன், பின் இரண்டு ஆக்ஸில்களின் ப்ரீதரையும் தேடிப் பிடித்து, மூடி அசைகிறதா, குழாய் முறிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஆயில் ஊற்றும் பிளக்கைக் கழற்றச் சொல்லி விரலைவிட்டு எடுங்கள். பால் கலந்த காபி நிறம் என்றால் தண்ணீர். இரவெல்லாம் அசையாமல் நின்ற வண்டியாக இருந்து, அடிப் பிளக்கை லேசாகத் தளர்த்த அனுமதித்தால் இன்னும் தெளிவாகும். தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது, முதலில் சொட்டுவது அதுதான். பிளக்கின் காந்தத்தில் சாம்பல்நிறப் பசை படிவது இயல்பு. நெருடும் துணுக்குகள் இருந்தால் பல்சக்கரமோ பேரிங்கோ உடைகிறது. முன், பின் ஆக்ஸில்களுக்குச் சக்தியைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் கியர்பாக்ஸுக்கும் இதே சோதனை.

லேண்ட் குரூஸர் 70, 80 போல முன்னும் திட ஆக்ஸில் உள்ள வண்டிகளில், சக்கரத்துக்குப் பின்னுள்ள உருண்டையான திருப்பு மூட்டை, அதாவது நக்கிளைத் துடைத்துப் பாருங்கள். மெல்லிய கிரீஸ் படலம் சரி. கறுத்து நீர்த்த குழம்பு வழிந்தால், உள்சீல் போய்க் கிரவுன் ஆயில் கிரீஸோடு கலந்திருக்கிறது. இரு பக்கமும் பிரித்துச் செய்யும் பெரிய வேலை அது, விலையில் கழியுங்கள்.

எஞ்சினில் ஏர் ஃபில்டர் பெட்டியை முதலில் திறங்கள். ஃபில்டருக்கு அப்புறம், எஞ்சினை நோக்கிய குழாயின் உள்சுவரை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் புழுதி படிந்தால் அது எஞ்சினுக்குள்ளும் போயிருக்கிறது. பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் தேய்ந்திருக்கும். எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புஸ்புஸ்ஸென்று புகை தள்ளுவதும் அந்தத் தேய்மானத்தைத்தான் சொல்கிறது. ரேடியேட்டருக்கும் ஏசி கண்டென்சருக்கும் நடுவே டார்ச் அடியுங்கள். அங்கே களிமண் அடைத்திருந்தால் மெதுவாக மேடேறும்போது எஞ்சின் சூடேறும்.

கீழ் வேலைகள்

பிரேக் பைப்புகளை முழு நீளமும் விரலால் தொடர்ந்து போங்கள். செதில் எழுந்த பைப்பை மாற்றாமல் அந்த வண்டியை வீட்டுக்கு ஓட்டி வரக்கூடாது. ஆக்ஸிலுக்குச் சக்தி கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் மூட்டுகளிலுள்ள கிராஸ் கப்புகளைச் சுற்றிச் செந்நிறப் பொடி இருந்தால் ஊசி பேரிங் வறண்டுவிட்டது. கிரீஸ் நிப்பிள்கள் சேற்றில் புதைந்திருந்தால் நெடுநாளாக யாரும் கிரீஸ் அடிக்கவில்லை.

சஸ்பென்ஷனை மாற்றி உயரம் கூட்டிய வண்டி என்றால் கவனம் இரட்டிப்பு. பிரேக் ஹோஸ் இழுபட்டு விறைக்கிறதா, சிவி ஜாயிண்ட் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். பெரிய டயர் போட்டவற்றில் ஸ்டியரிங் பெட்டி சேஸோடு சேரும் இடத்தில் முடியளவு விரிசல் வரும். அந்த இடத்தைத் துடைத்துவிட்டுத் தேடுங்கள். சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை நான்கு பக்கமும் அளந்து, இடவலம் ஒப்பிடுங்கள்.

டயர் சுவரில் உள்ள நான்கு இலக்கம் வயதைச் சொல்லும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தும் ஒரே அளவா என்று பாருங்கள். சுற்றளவு வேறுபட்டால் ஃபோர் வீலில் ஓடும்போது டிரான்ஸ்ஃபர் கேஸ் திணறும். கதவுத் தூணில் ஒட்டிய அளவைவிட டயர் 10 சதவீதம் பெரிதாக இருந்து, மீட்டரைத் திருத்தாமல் விட்டிருந்தால், அந்த டயரில் ஓடிய தூரம் மீட்டர் காட்டுவதைவிட 10 சதவீதம் அதிகம்.

சேஸில் அடித்த எண்ணைக் கம்பி பிரஷால் தேய்த்துப் படித்து, ஆவணத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். எண்ணைச் சுற்றி வெல்டிங் தடம் இருந்தால் விலகிவிடுங்கள்.

ஓட்டிப் பார்த்தல்

ஃபோர் வீலையும், வேகம் குறைத்து இழுவையைக் கூட்டும் லோ ரேஞ்சையும் மண் அல்லது சரளைத் தரையில் சோதியுங்கள். தேவைப்படும்போது மட்டும் ஃபோர் வீல் போடும் வகை வண்டியைக் காய்ந்த தார்ச்சாலையில் அப்படி ஓட்டினால் பல்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும். சரளையில் ஃபோர் வீல் போட்டு, ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக ஒரு வட்டம் அடியுங்கள். வண்டி லேசாகத் தயங்கி இழுத்தால் முன் ஆக்ஸில் வேலை செய்கிறது. தயக்கமே இல்லையென்றால் முன்சக்கரங்களுக்குச் சக்தி போகிறதா என்று வேறு வழியில் உறுதி செய்யுங்கள். முன்சக்கரங்களை ஆக்ஸிலோடு பூட்டும், கையால் திருப்பும் ஹப் லாக் இருந்தால் இரு பக்கமும் நீங்களே திருப்புங்கள். ஃபோர் வீல் லீவர் நகர மறுத்தால் அதைப் பல காலம் யாரும் தொடவில்லை.

சாலையில் வேகத்தைச் சீராக ஏற்றுங்கள். சிறு பள்ளத்தில் விழுந்ததும் ஸ்டியரிங் கைக்குள் அடங்காமல் உதறினால், ஆக்ஸிலைக் குறுக்காகச் சேஸோடு பிணைக்கும் டிராக் ராட்டின் புஷ், பால் ஜாயிண்ட் அல்லது சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னின் பேரிங் தேய்ந்திருக்கிறது. 1998 முதல் 2018 வரை வந்த சுசுகி ஜிம்னியில் கிங் பின்னை முதலில் சந்தேகப்படுங்கள். அதிர்வை அடக்கும் ஸ்டியரிங் டேம்பரை மட்டும் புதிதாக மாற்றியிருந்தால் உதறலை மறைக்கப் பார்த்திருக்கலாம்.

திரும்பி வந்ததும் எஞ்சினை அணைக்காமல் சிறிது நேரம் நிறுத்தி, அடியில் சொட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு ஒவ்வொரு சக்கர ஹப்புக்கும் அருகே, தொடாமல், புறங்கையைக் கொண்டுபோங்கள். எதிர்ப்பக்கச் சக்கரத்தைவிட ஒன்று மட்டும் அதிகமாகத் தகித்தால், அங்கே பிரேக் காலிப்பர் துருவேறிச் சிக்கியிருக்கிறது, இல்லையேல் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. அந்தச் சக்கரத்தைத் தூக்கி, ஸ்டாண்டு போட்டு, கையால் சுழற்றிப் பார்த்த பிறகே விலையைப் பேசத் தொடங்குங்கள்.