பீக் ஃப்ளோ மீட்டர் காட்டும் எண்ணை எப்போது நம்பலாம்?

ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு வீட்டில் பீக் ஃப்ளோ, அதாவது மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே ஊத முடிகிறது என்ற அளவைப் பார்க்கும் பெற்றோர் பலர் அந்த மீட்டரைத் தெர்மாமீட்டர் மாதிரி நினைத்துவிடுகிறார்கள். காய்ச்சல் பார்க்கப் பிள்ளை சும்மா இருந்தால் போதும். இதற்கோ முழு மூச்சு இழுத்து, முழு வேகத்தில் ஒரே ஊதாக ஊத வேண்டும். அரைமனதாக ஊதினால், நெஞ்சு நன்றாக இருக்கும்போதும் எண் இறங்கும். கன்னத்தை உப்பி, துப்புவதுபோல ஊதினால் பொய்யாக ஏறும். 5 வயதுக்குக் கீழே பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது சரியாக வராது, வற்புறுத்தாதீர்கள்.

முள்ளைப் பூஜ்ஜியத்துக்குத் தள்ளி, பிள்ளையை நிற்க வைத்து, உதட்டை இறுக்கி மூடச் சொல்லி மூன்று முறை ஊதவிடுங்கள். சராசரி வேண்டாம், மூன்றில் பெரிய எண்ணை எழுதுங்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று ரொம்ப விலகினால் ஊதும் முறையில்தான் ஏதோ கோளாறு. காலையில் கொஞ்சம் குறைவது இயல்பு. அதனால் தினமும் அதே நேரத்தில், இழுப்பை உடனே தணிக்கும் இன்ஹேலரை எடுப்பதற்கு முன்பே பாருங்கள்.

ஆனால் எண் கெடுவது பெரும்பாலும் நோட்டில்தான். நெதர்லாந்தில் 40 பிள்ளைகளிடம் அளவைத் தானே பதிந்துகொள்ளும் மீட்டரைக் கொடுத்து, நோட்டிலும் எழுதச் சொன்னார்கள். மீட்டர் பதிவு செய்கிறது என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. 2001-ல் வந்த முடிவைப் பார்த்தால், நான்காவது வாரத்தில் சரியாக எழுதப்பட்டவை பாதிகூட இல்லை. ஊதாமலே இட்டுக்கட்டிய எண்கள் வாரத்துக்கு வாரம் கூடியிருந்தன. பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எண் குறைந்தால் திட்டு, விட்டுப்போனால் அதற்கும் திட்டு என்றால் எந்தப் பிள்ளையும் நேற்றைய எண்ணையே எழுதி வைக்கும். விட்டுப்போன நாளைக் காலியாகவே விடுங்கள். மாதக்கணக்கில் ஊத வைப்பதைவிட, டாக்டர் சொல்லும் இரண்டு வாரம் ஒழுங்காகப் பார்ப்பது மேல்.

எண் நன்றாக இருக்கிறதே என்று அறிகுறியை ஒதுக்குவதுதான் ஆபத்தான தவறு. மீட்டர் பெரிய மூச்சுக்குழாய்களின் நிலையைத்தான் முக்கியமாகக் காட்டும். சின்னக் குழாய்கள் சுருங்கியிருந்தால் தெரியாமல் போகலாம். இரவில் இருமல், விளையாடப் போகாமல் உட்கார்ந்துகொள்வது, மூச்சு விடும்போது விலா எலும்புக்கு நடுவே உள்வாங்குவது, இவையெல்லாம் எண்ணைவிடப் பெரிய சாட்சி. வாக்கியத்தை முடிக்க முடியாமல் பிள்ளை திணறும்போது மீட்டரைத் தேடாதீர்கள். டாக்டர் சொல்லிவைத்த மருந்தைக் கொடுத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

அப்புறம், எதோடு ஒப்பிடுகிறோம் என்பது. உயரத்தை வைத்துப் போட்ட அட்டவணையைவிட, ஆஸ்துமா அடங்கியிருந்த நாட்களில் உங்கள் பிள்ளையே எட்டிய உச்ச அளவுதான் நல்ல அளவுகோல். அதில் 80 சதவீதத்துக்கு மேல் பச்சை (நலம்), 50-க்குக் கீழ் சிவப்பு (ஆபத்து), நடுவே மஞ்சள் (எச்சரிக்கை) என்பது வழக்கமான கணக்கு. வளரும் பிள்ளைக்கு அந்த உச்சமும் ஏறும். போன வருஷ எண்ணை வைத்துக்கொண்டிருந்தால் மஞ்சள்கூடப் பச்சையாகத் தெரியும். மீட்டரை மாற்றினாலும் உச்ச அளவைப் புதிதாக எடுக்க வேண்டும், ஏனென்றால் ஒரு கம்பெனி மீட்டரும் இன்னொன்றும் ஒரே எண்ணைக் காட்டும் என்ற உத்தரவாதம் இல்லை. டாக்டரைப் பார்க்கப் போகும்போது வீட்டு மீட்டரையே எடுத்துப்போய், அவர் முன்னால் ஒரு தடவை ஊதச் சொல்லுங்கள்.