டிராஃபிக் சலான் ஆறு மாதத்தில் காலாவதி ஆகிவிடுமா? முதல்முறை வாங்கியவர்களுக்கு

"ஆறு மாசம் கண்டுக்காம விடு, ஃபைன் தானா போயிடும்." இதை நம்பித்தான் என் நண்பர் சும்மா இருந்தார். மூன்று வருடம் கழித்து ஸ்கூட்டரை விற்கப்போனபோது, நிலுவையில் இருந்த பழைய சலானால் பெயர் மாற்றம் நின்றுபோனது. அதனால்தான் இதை விவரமாக எழுதுகிறேன்.

முதலில், சலான் உண்மையா என்று பாருங்கள். சலான் என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. ஃபைலை (போனில் ஆப்பை நிறுவும் ஃபைல்) தொடவே வேண்டாம். அது பேங்க் பணத்தைத் திருடும் வழி. மத்திய அரசின் பரிவாகன் இ-சலான் தளத்துக்கு நீங்களே போய், சலான் எண், வண்டி எண், லைசென்ஸ் எண் மூன்றில் ஒன்றைக் கொடுத்துத் தேடுங்கள். வண்டி எண் கொடுத்தால் இன்ஜின் அல்லது சேசிஸ் எண்ணின் கடைசி 5 எழுத்துகளையும் கேட்கும், ஆர்.சி.யில் இருக்கும்.

அடுத்து, சலானில் போட்டிருக்கும் சட்டப் பிரிவையும் போட்டோவையும் பாருங்கள். வண்டியும் இடமும் சரி என்றால் அங்கேயே கட்டி, ரசீதைச் சேமித்துக்கொள்ளுங்கள். நம்பர் பிளேட்டைத் தவறாகப் படித்திருந்தால் கட்டாதீர்கள். ஆதாரத்தோடு போக்குவரத்து காவல்துறையில் புகார் கொடுங்கள். குடித்துவிட்டு ஓட்டிய வழக்கு (மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 185) போன்றவை ஸ்பாட் ஃபைனில் முடியாது. கோர்ட்டுக்குத்தான் போகும்.

சரி, காலாவதிக்கு வருவோம். ஆறு மாதக் கணக்கு முழுப் பொய் இல்லை. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 514-ஆவது பிரிவு (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 468) சொல்வது இது: அபராதம் மட்டுமே தண்டனை என்றால் 6 மாதம், ஓராண்டு வரை சிறைத் தண்டனை உள்ள குற்றம் என்றால் ஓராண்டு. அதற்குப் பிறகு நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு ஏற்கக் கூடாது. நோ பார்க்கிங் முதல் வகை. சிகப்பு விளக்கைத் தாண்டுவதும், முதல்முறை குடித்து ஓட்டுவதும் இரண்டாம் வகை.

இந்தக் கெடு காவல்துறைக்கும் நீதிமன்றத்துக்கும்தான். வழக்கு தாக்கலான தேதியைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. ஆறு மாதத்துக்குள் சலான் கோர்ட்டுக்குப் போயிருந்தால், விசாரணை எத்தனை வருடம் இழுத்தாலும் வழக்கு செல்லும். தாமதத்தை மன்னிக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. கெடு நிஜமாகவே முடிந்திருந்தாலும் தளத்திலிருந்து பதிவு தானாக அழியாது. நாம்தான் அதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

கோர்ட்டுக்குப் போய்விட்டதா? விர்ச்சுவல் கோர்ட் (ஆன்லைன் நீதிமன்றம்) தளத்தில் தேடுங்கள். மாஜிஸ்திரேட் நிர்ணயித்த தொகையை ஏற்றுக் கட்டினால் வழக்கு முடியும். மறுத்தால் வழக்கமான நீதிமன்றத்துக்கு மாறும்.

சம்மன் வந்தால் தேதியையும் நீதிமன்றத்தின் பெயரையும் உடனே குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் இல்லாதபோது வீட்டில் உள்ள வயது வந்த குடும்பத்தினர் யார் வாங்கினாலும் உங்களிடம் கொடுத்ததாகத்தான் அர்த்தம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 208-இன்படி வந்த சம்மனாக இருந்தால், அதில் போட்டிருக்கும் தேதிக்குள் குற்றத்தை ஒப்புக்கொண்டு பதிவுத் தபாலில் எழுதி, குறிப்பிட்ட தொகையையும் அனுப்பலாம். நேரில் அலைய வேண்டியதில்லை.

எதுவும் செய்யாமல் விட்டால் வாரண்ட் வரலாம். அதற்குக் காலாவதியே கிடையாது. நிறைவேற்றப்படும்வரை, அல்லது நீதிமன்றம் ரத்து செய்யும்வரை உயிரோடு இருக்கும். அப்படி வந்திருந்தால், போலீஸ் தேடி வரும்வரை காத்திருக்காமல், ஒரு வக்கீலோடு அதே நீதிமன்றத்தில் ஆஜராகி வாரண்டை ரத்து செய்ய மனு கொடுங்கள்.