ஹனிமூன்ல ஒரு நாளை பிளான் பண்றது எப்படி? சாப்பாட்டு நேரத்துல இருந்து ஆரம்பிங்க

கல்யாணம் முடிஞ்சு முதல் தடவையா ரெண்டு பேர் மட்டும் வெளியூர் போறீங்க, கையில ஒரு முழு நாள் இருக்கு, சுத்திப் பாக்கணும், நல்லா சாப்பிடணும், ஆனா எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. அப்படி இருக்கிறவங்களுக்குத்தான் இந்தப் பதிவு. பேக்கேஜ் டூர்ல போனா எல்லாத்தையும் வேற ஒருத்தர் முடிவு பண்ணிடுவாங்க. நீங்களே பிளான் போடுறீங்கன்னா கீழ சொல்ற வரிசையில போட்டுப் பாருங்க, எந்த ஊருக்கும் சரியா வரும்.

மொதல்ல எங்களுக்கு நடந்ததை சொல்லிடறேன். ஹனிமூனோட ரெண்டாவது நாள், ஒரே நாள்ல ஏழு இடம்னு லிஸ்ட் போட்டிருந்தோம். நாலாவது இடத்துல நிக்கும்போது மணி ரெண்டு. இவரு "உனக்குப் பசிக்குதா?"ன்னு கேட்டாரு. அவருக்குப் பசி இல்ல போல, எனக்காகத்தான் கேக்கறாருன்னு நெனச்சு "பரவாயில்லங்க, அடுத்த இடத்தையும் பாத்துட்டே சாப்பிடலாம்"னு சொன்னேன். எனக்குப் பசி இல்ல போலன்னு நெனச்சு அவரும் பேசாம நடந்துட்டாரு. மூணேகாலுக்கு ஒரு ரெஸ்டாரன்ட் வாசல்ல போய் நின்னா கிச்சன் மூடியாச்சு, இனிமே ஏழு மணிக்குத்தான்னாங்க. பக்கத்துலயும் அதே பதில். கடைசியில ஒரு கல் படிக்கட்டுல உக்காந்து என் ஹேண்ட்பேக் அடியில கெடந்த பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிச்சோம். பாதிக்கு மேல தூளா போயிருந்துச்சு, அந்தத் தூளையும் கவரை ஓரமா மடக்கி அவரு என் உள்ளங்கையில கொட்டினாரு, ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கல. மதியத்துல இருந்தே அவருக்கும் வயிறு காஞ்சுக்கிட்டு இருந்துச்சுன்னு ராத்திரி பேசும்போதுதான் எனக்குத் தெரிஞ்சுது.

ரொம்ப வருஷம் சேர்ந்து வாழ்ந்தவங்களுக்கு முகத்தைப் பாத்தாலே தெரிஞ்சுடும், இவங்களுக்குப் பசி, இவங்களுக்குக் கால் வலின்னு. கல்யாணம் ஆகி ஒரு வாரம் ஆனவங்களுக்கு அது இன்னும் வந்திருக்காது, ரெண்டு பேரும் மாத்தி மாத்தி "பரவாயில்ல"ன்னு சொல்லிக்கிட்டே இருப்போம். அதனால பசிக்குதான்னு கேட்டுக்கிட்டு இருக்காம அந்தப் பொறுப்பை கடிகாரத்துக்கிட்ட கொடுத்துடுங்க. நான் இப்ப சொல்லப்போற பிளான் மொத்தமும் இதை வச்சுத்தான்.

படி 1: முந்தின நாள் ராத்திரியே சாப்பாட்டு நேரத்தை எழுதுங்க

ஒரு பேப்பரோ போன்ல நோட்ஸோ எடுத்துக்கங்க. இடத்தோட பேரு எதையும் இன்னும் எழுத வேண்டாம். காலை சாப்பாடு எத்தனை மணிக்கு, மதியம் எத்தனை மணிக்கு, அன்னைக்கு சூரியன் எத்தனை மணிக்கு மறையுது, டின்னர் எத்தனை மணிக்கு, இந்த நாலு மட்டும் போதும். சூரியன் மறையுற நேரம் போன்ல இருக்கிற வெதர் ஆப்லயே இருக்கும். மதிய சாப்பாட்டை 12:30ல இருந்து 1 மணிக்குள்ள வைங்க, ஏன்னா இத்தாலி, ஸ்பெயின், பிரான்ஸ் மாதிரி பல நாடுகள்ல நிறைய ரெஸ்டாரன்ட் மதியத்துக்கும் ராத்திரிக்கும் நடுவுல கிச்சனை மூடிடுவாங்க. ஸ்பெயின்ல டின்னரே 9 மணிக்கு மேலதான் சூடு பிடிக்கும், அங்க போறவங்க சாயங்காலத்துக்கு ஏதாவது சின்னதா சாப்பிட வச்சுக்கங்க.

படி 2: ஆளுக்கு ஒரு இடம்

ரெண்டு பேரும் தனித்தனியா, ஒருத்தர் எழுதுறதை இன்னொருத்தர் பாக்காம, "நாளைக்கு இது ஒண்ணை மட்டும் பாத்தா போதும்"னு தோணுற ஒரு இடத்தை எழுதுங்க. அப்புறம் மாத்திக் காட்டுங்க. ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் மறுக்கக் கூடாது, அதுதான் விதி. சேர்ந்து உக்காந்து முடிவு பண்ணா மறுபடியும் அந்த "உங்க இஷ்டம்", "இல்ல உன் இஷ்டம்"லயே போய் நிக்கும், கடைசியில ரெண்டு பேருமே கேக்காத ஒரு இடத்துக்கு டிக்கெட் எடுத்திருப்போம். இவரு பழைய ரயில் எஞ்சின் வச்சிருக்கிற மியூசியத்தை எழுதினாரு, எனக்கு அதுல துளி ஆர்வம் இல்ல, ஆனா அங்க போய் ஒவ்வொரு எஞ்சினுக்கும் பக்கத்துல நின்னு அவரு கண்ணை விரிச்சு விளக்கினதைப் பாத்தப்பதான் நான் கல்யாணம் பண்ணின ஆளு இப்படின்னு ஒரு விஷயம் எனக்குத் தெரிஞ்சுது, அதுக்காகவே அந்த மியூசியம் எனக்குப் பிடிச்சுப் போச்சு.

மூணாவதா ஒரு இடத்தை "நேரம் இருந்தா"ன்னு ஓரமா எழுதி வைங்க. நாலாவது வேண்டாம்.

படி 3: திறந்திருக்கான்னு பாருங்க

வாரத்துல ஒரு நாள் மூடுற இடங்கள் நிறைய. தாஜ்மஹால் வெள்ளிக்கிழமை பார்வையாளர்களுக்குக் கிடையாது, பாரிஸ் லூவ்ர் மியூசியம் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், வேற பல மியூசியங்களுக்குத் திங்கள்கிழமை லீவு. அப்புறம் "6 மணி வரைக்கும்"னு போட்டிருந்தா 6 மணிக்குள்ள போனா போதும்னு நெனச்சுடாதீங்க, உள்ள விடுறதை பெரும்பாலும் அரை மணி, ஒரு மணி நேரம் முன்னாடியே நிறுத்திடுவாங்க. கடைசி நுழைவு நேரம்னு தனியா போட்டிருப்பாங்க, அதைப் பாருங்க. சில இடத்துல டிக்கெட்லயே நேரம் அச்சடிச்சிருக்கும். ஸ்பெயின்ல அல்ஹம்ப்ராங்கிற பழைய கோட்டைக்குப் போனா அதுக்குள்ள இருக்கிற நஸ்ரித் அரண்மனைக்கு அப்படித்தான், குறிச்ச நேரத்தை விட்டா சிக்கல். அந்த மாதிரி டிக்கெட்டை மதிய சாப்பாட்டு நேரத்துல மட்டும் போட்டுடாதீங்க.

படி 4: மேப்ல குறிச்சு, டவுன்லோட் பண்ணிக்கங்க

ரெண்டு இடத்தையும் ரூமையும் மேப்ல குறிச்சுட்டு, மதிய ரெஸ்டாரன்ட்டை காலையில பாக்கிற இடத்துக்குப் பக்கத்துலயே தேடுங்க, டின்னர் ரெஸ்டாரன்ட்டை சாயங்காலம் நிக்கப் போற இடத்துக்குப் பக்கத்துல. எல்லாரும் சொல்ற பேர் போன ரெஸ்டாரன்ட் ஊரோட இன்னொரு மூலையில இருந்தா அதுக்குன்னு வேற ஒரு நாள் வச்சுக்கங்க. கூகுள் மேப்ஸ்ல அந்த ஏரியாவை ரூம் வைஃபைலயே ஆஃப்லைனா இறக்கி வச்சுக்கலாம், நெட் இல்லன்னாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், அதனால நீங்க எங்க நிக்கிறீங்கன்னு காட்டும். மேப் சொல்ற நடை நேரத்தை அப்படியே எடுத்துக்காதீங்க. அது நிக்காம நடக்கிற கணக்கு, நாம நின்னு வேடிக்கை பாத்து போட்டோ எடுத்து போவோம், ரெண்டு மடங்கு வச்சுக்கங்க.

படி 5: காலுக்கு என்ன போடறீங்க

புதுச் செருப்பு, புது ஷூ வேண்டாம். கல்யாணத்துக்கு வாங்கினதைப் போட்டுக்க ஆசையா இருக்கும், டின்னருக்குப் போட்டுக்கங்க. குதிகால்ல லேசா எரியுதுன்னு தோணும்போதே நின்னு பிளாஸ்டர் ஒட்டிடுங்க, கொப்புளம் வந்த பிறகு ஒட்டினா அன்னைக்கு நடை முடிஞ்ச மாதிரிதான். பையில தண்ணி, பவர் பேங்க், பிளாஸ்டர், நொறுங்காத ஏதாவது தின்பண்டம், நான் கடலையும் பேரீச்சம்பழமும் வச்சுக்கறேன். வெயில்னா சன்ஸ்கிரீன் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி போடணும், காலையில ஒரு தடவை போட்டா சாயங்காலம் வரைக்கும் வராது.

படி 6: கூட்டம் வர்ற இடத்துக்கு முதல்ல

ரெண்டு இடத்துல எதுக்குக் கூட்டம் அதிகமோ அதுக்கு காலையில கதவு திறக்கும்போதே போயிடுங்க. மியூசியம் மாதிரி இடம்னா எல்லாத்தையும் பாத்தே தீரணும்னு வச்சுக்காதீங்க. 1916லயே பாஸ்டன் நுண்கலை மியூசியத்துல வேலை பாத்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன்னு ஒருத்தர் மியூசியம் களைப்புன்னு இதைப் பத்தி ஒரு கட்டுரை எழுதியிருக்காரு, பாக்குறவங்க ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டிக்கும் எப்படி குனியறாங்க, எட்டிப் பாக்கறாங்கன்னு போட்டோ எடுத்தே காட்டியிருக்காரு. அந்தக் களைப்பு வந்த பிறகு பாக்குறது எதுவும் மனசுல நிக்காது. உள்ள போனதும் வரைபடத்தைப் பாத்து மூணு அறையைத் தேர்ந்தெடுங்க, அதை ஆற அமர பாருங்க, நடுவுல பெஞ்ச் இருந்தா உக்காருங்க.

படி 7: மதிய சாப்பாடு

எழுதின நேரம் வந்ததும் எங்க இருந்தாலும் கிளம்பிடணும், "இன்னும் ஒரே ஒரு இடம்" கிடையாது. மதியத்துக்கு லேசா சாப்பிடுங்க, ஏன்னா ராத்திரிதான் பெரிய சாப்பாடு. ரெண்டு பேரும் வேற வேற ஆர்டர் பண்ணி பாதிப் பாதி மாத்திக்கிட்டா ஒரே தடவையில ரெண்டு ருசி பாத்துடலாம், அதோட அவங்களுக்கு என்ன பிடிக்கும்னும் தெரிஞ்சுக்கலாம். சைவமா இருந்தாலோ ஏதாவது ஒத்துக்காதுன்னாலோ அந்த ஊரு மொழியில அதை ஒரு வரியா எழுதி போன்ல வச்சுக்கங்க, சர்வர்கிட்ட அப்படியே காட்டிடலாம். வாயால சொல்றதை விட இது தப்பாப் போறதுக்கு வாய்ப்பு கம்மி.

படி 8: ரூமுக்குத் திரும்புங்க

இதை நிறைய பேர் நேரத்தை வீணாக்குறதா நெனப்பாங்க. மதியம் ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் ரூமுக்குப் போய் படுங்க. கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு வாரம் ரெண்டு பேருமே சரியா தூங்கியிருக்க மாட்டீங்க, அந்தத் தூக்கக் கடன் இன்னும் உடம்புல இருக்கும். ரூம் தூரமா இருந்தா ஒரு பூங்கா, மர நிழல் போதும். குளிச்சு டிரஸ் மாத்திட்டு கிளம்பினா சாயங்காலம் புதுசா ஒரு நாள் ஆரம்பிச்ச மாதிரி இருக்கும். நேரம் மிச்சம் இருந்தா அந்த மூணாவது இடம்.

படி 9: சூரியன் மறையுறதுக்கு முன்னாடி போய் நில்லுங்க

போட்டோவுக்கு நல்ல வெளிச்சம் சூரியன் மறையுறதுக்கு முந்தின ஒரு மணி நேரம்தான். வெளிச்சம் சாய்வா வர்றதால காத்துல ரொம்ப தூரம் கடந்து வருது, நீலம் சிதறிப் போய் மஞ்சளும் சிவப்பும் மிஞ்சுது, முகத்துல நிழல் கடுமையா விழாது. எவ்வளவு நேரம் இருக்குன்னு கையாலயே பாக்கலாம். கையை முழுசா நீட்டி, விரல்களைச் சேர்த்து படுக்கை வாக்குல வச்சு, அடிவானத்துக்கும் சூரியனுக்கும் நடுவுல எத்தனை விரல் அடங்குதுன்னு எண்ணுங்க, ஒரு விரலுக்கு சுமார் 15 நிமிஷம்னு சொல்லுவாங்க. ஆனா பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல இருக்கிற ஊர்கள்ல சூரியன் ஏறக்குறைய நேரா கீழ இறங்கும், அதனால சீக்கிரமா போயிடும், அங்க விரலுக்கு 10 நிமிஷத்துக்குள்ளன்னு வச்சுக்கங்க. சூரியனை நேரா உத்துப் பாக்காதீங்க.

போட்டோ எடுக்கிறதுக்கு முன்னாடி போன் லென்ஸைத் துணியால துடைங்க. பத்துப் பதினஞ்சு போட்டோ எடுத்துட்டு போனை பைக்குள்ள போட்டுடுங்க. சூரியன் மறைஞ்ச உடனே எல்லாரும் கிளம்பிடுவாங்க, நீங்க ஒரு இருபது நிமிஷம் இருங்க, வானம் ஆழமான நீலமா மாறி விளக்கு ஒவ்வொண்ணா எரிய ஆரம்பிக்கும். எங்க ஹனிமூன்ல எனக்கு இன்னும் கண்ணுல நிக்கிறது அந்த இருபது நிமிஷம்தான். காத்து குளிர ஆரம்பிச்சப்ப இவரு என் துப்பட்டா நுனியைப் பிடிச்சு தன் கையிலயும் சுத்திக்கிட்டாரு.

படி 10: டின்னர்

இதை முன்னாடியே புக் பண்ணிடுங்க, சூரியன் மறைஞ்சு ஒரு மணி நேரம் கழிச்சு. புக் பண்ணும்போது புதுசா கல்யாணம் ஆனவங்க, ஓரமா ஒரு டேபிள் கிடைச்சா நல்லா இருக்கும்னு சொல்லுங்க, தயங்காதீங்க, முடிஞ்சா சந்தோஷமாவே பண்ணிக் கொடுப்பாங்க. கிச்சன் கதவு, பாத்ரூம் வழி, ஸ்பீக்கர் இந்த மூணுக்கும் பக்கத்துல உக்கார வச்சா வேற டேபிள் கேக்கலாம். எல்லாத்தையும் ஒரே மூச்சுல ஆர்டர் பண்ணாதீங்க. முதல்ல ஒண்ணு ரெண்டு, அது முடிஞ்சப்புறம் அடுத்தது, அப்பதான் பேசிக்கிட்டே சாப்பிட முடியும்.

பில் வந்ததும் சர்வீஸ் சார்ஜ் ஏற்கனவே சேர்த்திருக்காங்களான்னு பாத்துட்டு டிப்ஸை முடிவு பண்ணுங்க. வெளிநாட்டுல கார்டு போட்டா மெஷின்ல "உங்க நாட்டுப் பணமா, இந்த ஊர் பணமா"ன்னு கேக்கும். அந்த ஊர் பணத்தையே தேர்ந்தெடுங்க, நம்ம பணத்துல போட்டா மாத்துற ரேட்டை அந்த மெஷின்காரங்க வைப்பாங்க, பெரும்பாலும் நமக்குக் கூடுதலாத்தான் போகும்.

ரூமுக்கு வந்து ஷூவைக் கழட்டிட்டு, இன்னைக்கு எப்ப கால் வலிச்சுது, எப்ப பசிச்சுது, எது சலிப்பா இருந்துச்சுன்னு ஒருத்தருக்கொருத்தர் மறைக்காம சொல்லிக்கங்க, "பரவாயில்ல" வேண்டாம். அப்புறம் அதே பேப்பரைத் திருப்பி பின்பக்கத்துல நாளைக்கு மதியம் எத்தனை மணிக்கு சாப்பாடுன்னு எழுதி வச்சுட்டு, போனை சார்ஜ்ல போட்டுட்டு லைட்டை அணைச்சுடுங்க.