காது கேட்கும் கருவி வாங்கும் முன்: விலையையும் பயனையும் கணக்கிடும் முறை

என் தந்தைக்கு 1,40,000 ரூபாய் கொடுத்து இரண்டு காதுகளுக்கும் கருவி வாங்கினோம். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அவை பீரோவில், மடித்து வைத்த வேட்டிகளுக்கு அடியில் கிடந்தன. “போட்டுக்கொண்டால் பானைக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி இருக்கிறது” என்று முதல் வாரத்திலேயே அவர் சொன்னார். வயதானவரின் பிடிவாதம் என்று நாங்கள் விட்டுவிட்டோம். பிறகு வேறோர் ஆடியாலஜிஸ்ட், அதாவது கேட்புத் திறனைச் சோதித்துக் கருவி பொருத்தும் நிபுணர், கருவியோடு காதுக்குள் பொருந்தும் காது அச்சை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, காற்றுத்துளை ஊசிமுனை அளவே இருப்பதைக் காட்டினார். அதை அகலப்படுத்தி, கணினியில் சில அளவுகளையும் மாற்றிக் கொடுத்தார். அரை மணி நேர வேலை. 400 ரூபாய் வாங்கிக்கொண்டார். அன்று இரவுச் சாப்பாட்டின்போது, அப்பளம் நொறுங்கும் சத்தம் கேட்கிறது என்று தந்தை சொன்னார். விலைப் பட்டியலை வைத்து மட்டும் இந்தக் கருவியை எடைபோடக் கூடாது என்பதை நான் கற்றது அப்படித்தான்.

கடைக்குப் போவதற்கு முன் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் செல்ல வேண்டும். காதில் அடைத்திருக்கும் குறும்பியோ, செவிப்பறையில் உள்ள ஓட்டையோ, நடுக்காதில் தேங்கிய நீரோ காரணமாக இருந்தால், கருவியே தேவைப்படாமல் போகலாம். ஓரிரு நாளில் திடீரென ஒரு காது கேட்காமல் போனால் அது அவசரச் சிகிச்சைக்குரிய நிலை; ஒரு வாரம் பொறுத்துப் பார்ப்போம் என்று இருந்துவிடக் கூடாது.

அடுத்தது ஆடியோகிராம், அதாவது எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம். அதில் வலது காது சிவப்பு வட்டமாகவும் இடது காது நீலப் பெருக்கல் குறியாகவும் குறிக்கப்பட்டிருக்கும். கோடு கீழே இறங்க இறங்கக் குறைபாடு கூடுகிறது என்று பொருள். முதுமையில் வரும் குறைபாட்டில் பெரும்பாலும் வலப்பக்கம், அதாவது கீச்சென்ற ஒலிகளுக்கான உயர் அதிர்வெண் பகுதியில்தான், கோடு சரியும். உயிரெழுத்துகளின் ஓசை காதில் விழும், மெய்யெழுத்துகள் நழுவிப்போகும். படம், தடம், கடம் மூன்றும் ஒன்றுபோலக் கேட்கும். “சத்தம் கேட்கிறது, என்ன சொல்கிறீர்கள் என்றுதான் புரியவில்லை” என்று பெரியவர்கள் சொல்வதன் காரணம் இதுதான். ஆகவே சொற்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் பேச்சுச் சோதனையையும் செய்யச் சொல்லுங்கள். ஒலியைப் போதிய அளவு உயர்த்திய பிறகும் பாதிச் சொற்கள் புரியவில்லை என்றால், எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் அந்த அளவுக்கே உதவும் என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்ளலாம். இந்தச் சோதனைகளை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் செய்துகொள்ளலாம். கருவி விற்கும் இடத்தில் செய்யும் இலவசச் சோதனையை மட்டும் நம்பிப் பெரிய தொகையைச் செலவிட வேண்டாம்.

விலை ஏன் இவ்வளவு வேறுபடுகிறது? அடிப்படைக் கருவியும் உயர்விலைக் கருவியும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. எந்த அதிர்வெண்ணில் குறைபாடு உள்ளதோ அதில் ஒலியைக் கூட்டுகின்றன. கூடுதல் பணம் பெரும்பாலும் இரைச்சலைக் குறைக்கும் நுட்பங்களுக்கும், ஒலியை அதிர்வெண்வாரியாகப் பிரித்துக் கையாளும் அதிக சேனல்களுக்கும், புளூடூத் இணைப்புக்கும், சார்ஜ் செய்யும் வசதிக்கும் போகிறது. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் பல்கலைக்கழகத்தில் ராபின் காக்ஸ் குழுவினர், மிதமான குறைபாடு கொண்ட முதியவர்களுக்கு இருவகைக் கருவிகளையும் மாற்றி மாற்றி அணிவித்துப் பார்த்து, 2014இல் முடிவுகளை வெளியிட்டனர். இரண்டுமே உதவின, ஆனால் பேச்சைப் புரிந்துகொள்வதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. வீட்டில் இரண்டு மூன்று பேருடன் பேசி, தொலைக்காட்சி பார்த்து, கோயிலுக்குப் போய்வரும் ஒருவருக்கு உயர்விலைக் கருவி கட்டாயம் என்று யாராவது சொன்னால், ஏன் என்று தயங்காமல் கேளுங்கள். அலுவலகக் கூட்டங்களிலோ, வகுப்பறையிலோ, ஓயாத தொலைபேசி அழைப்புகளிலோ நாளைக் கழிப்பவருக்கு அந்த வசதிகள் பயன்படலாம். அவரும் அணிந்து பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

இரு காதுகளிலும் குறைபாடு இருந்தால் இரண்டுக்கும் போடுவதே பொதுவாக நல்லது. ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதும், கூட்டத்தில் ஒருவர் பேச்சைப் பிரித்தறிவதும் அப்போது எளிதாகின்றன. என் கருத்தில், ஒரு காதுக்கு மட்டும் உயர்விலைக் கருவி வாங்குவதைவிட, அதே பணத்தில் இரு காதுகளுக்கும் நடுத்தரக் கருவி வாங்குவது மேல். விரல் நடுங்குபவர்களுக்குக் காதுக்குள் மறையும் சிறிய வகை வேண்டாம். பேட்டரியை மாற்ற முடியாமல் அவர்கள் கருவியையே கைவிட்டு விடுவார்கள்.

இணையத்தில் ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய்க்கு விற்கப்படும் “காது மெஷின்” பலவும் வெறும் ஒலிபெருக்கிகளே. பாத்திரம் விழும் ஓசையையும் பேரனின் பேச்சையும் அவை ஒரே மாதிரி கூட்டுகின்றன; அதிகபட்ச ஒலிக்குச் சரியான வரம்பு இல்லாதவை மிஞ்சியிருக்கும் கேட்புத் திறனையும் கெடுக்கக் கூடும்.

இனி கணக்குக்கு வருவோம். ஆரஞ்சு நிற ஒட்டுத்தாள் கொண்ட 13 எண் பேட்டரி ஒன்று சுமார் பத்து நாள் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கருவிகளுக்கு ஆண்டுக்கு 73 பேட்டரிகள், அதாவது ஆறு கொண்ட அட்டைகள் ஏறக்குறைய 12 தேவை. ஓர் அட்டை 200 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 2,400. ஐந்து ஆண்டுகளில் 12,000. ஒட்டுத்தாளைப் பிரித்தவுடன் காற்று பட்டுப் பேட்டரி வேலை செய்யத் தொடங்கிவிடும். எனவே நாலைந்தைச் சேர்த்துப் பிரித்து வைக்காதீர்கள். பிரித்த ஒன்றை ஒரு நிமிடம் வெளியே வைத்துவிட்டுப் பிறகு கருவியில் போடுங்கள். சார்ஜ் செய்யும் வகையில் இந்தச் செலவு இல்லை. ஆனால் உள்ளிருக்கும் பேட்டரி சில ஆண்டுகளில் தளரும்போது அதை மாற்ற என்ன ஆகும் என்று முன்பே கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

இரண்டு கருவிகளும் சேர்த்து 60,000 ரூபாய், பேட்டரி 12,000, குழாய், வடிகட்டி, பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கு 8,000 என்று வைத்தால் மொத்தம் 80,000. ஐந்து ஆண்டுகளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்குச் சுமார் 44 ரூபாய். நாளுக்குப் பத்து மணி நேரம் அணிபவருக்கு மணிக்கு நாலரை ரூபாய்கூட ஆகாது. விருந்தினர் வரும்போது மட்டும் ஒரு மணி நேரம் அணிபவருக்கு அதே கருவி மணிக்கு 44 ரூபாய். எனவே அணியும் நேரத்தைக் கூட்டும் எதுவும் உங்கள் பணத்தைக் காக்கிறது. பல டிஜிட்டல் கருவிகள் தினமும் எத்தனை மணி நேரம் அணியப்பட்டன என்பதைத் தாமே பதிவு செய்கின்றன. வாங்கும் முன் அணிந்து பார்க்கத் தரும் சோதனைக் காலத்தின் முடிவில் அந்த எண்ணை ஆடியாலஜிஸ்டின் திரையில் காட்டச் சொல்லுங்கள். இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால், பணத்தை முழுமையாகக் கொடுக்கும் முன் காரணத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

ஆகவே விலை பேசும்போது தள்ளுபடியைவிடப் பொருத்தும் வேலையைப் பற்றியே அதிகம் பேசுங்கள். எத்தனை நாள் சோதனைக்குத் தருவீர்கள், திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு பிடிப்பீர்கள், முதல் ஆண்டில் எத்தனை முறை இலவசமாக அளவு மாற்றித் தருவீர்கள், காதுக்குள் மெல்லிய குழாய் வைத்து ஒலியை நேரடியாக அளந்து பார்க்கும் வசதி உண்டா என்று கேளுங்கள். பொருத்துபவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்பதையும் பாருங்கள். காது கேட்கும் கருவிக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. ரசீதில் அந்த வரி சேர்க்கப்பட்டிருந்தால் விளக்கம் கேட்கலாம். ரசீதில் இரண்டு கருவிகளின் வரிசை எண்களும் இருக்கட்டும்.

வசதி குறைந்தவர்கள் கடன் வாங்குவதற்கு முன், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குச் சென்று விசாரிக்க வேண்டும். மாற்றுத்திறனாளிச் சான்று உடையவர்களுக்குக் காதின் பின்புறம் அணியும் கருவி இலவசமாக வழங்கப்படுகிறது. மாற்றுத்திறனாளிகளுக்குக் கருவிகள் வழங்கும் மத்திய அரசின் அடிப் (ADIP) திட்டமும், வசதி குறைந்த முதியோருக்கான ராஷ்டிரிய வயோஸ்ரீ திட்டமும் உள்ளன. இலவசக் கருவி என்றாலும் காதுக்கு ஏற்ப அளவு அமைத்துத் தரச் சொல்லிக் கேட்க வேண்டும்.

நம் ஊர் வெயிலிலும் புழுக்கத்திலும் கருவியின் முதல் எதிரி வியர்வை. இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். ஐந்தாறு ஆண்டுகள் கழிந்தபின் பழுதுச் செலவு புதிய கருவியின் விலையில் பாதியை நெருங்கினால் மாற்றிவிடலாம். அப்போதும் பழையதைத் தூக்கி எறிய வேண்டாம். புதியது பழுதுக்குப் போயிருக்கும் நாட்களில், பழையதைப் போட்டுக்கொண்டாவது அவர் நம்மோடு பேசிக்கொண்டிருப்பார்.