காசநோய் சிகிச்சை: முதல் இரண்டு மாதத்தில் நடக்கும் தவறுகள்

காசநோயில் நிகழும் இறப்புகளில் பெரும்பகுதி சிகிச்சை தொடங்கிய இரண்டு மாதத்துக்குள்ளேயே நடந்துவிடுகிறது. "மாத்திரை வாங்கியாச்சு, வீட்டில் படுத்திருக்கட்டும்" என்று விடுவதுதான் முதல் தவறு. உயரத்துக்கு எடை மிகக் குறைவு (168 செ.மீ. உயரமுள்ளவர் 39 கிலோதான் இருப்பதுபோல), மெலிந்த உடம்போடு காலில் வீக்கம், பிடிமானமில்லாமல் எழுந்து நிற்க முடியவில்லை, மூச்சு வாங்குகிறது: இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவமனையில் சேர்த்தாக வேண்டும். தமிழக அரசு 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் இதற்காகவே ஏற்பட்டது.

மாத்திரையின் எண்ணிக்கை எடையைப் பொறுத்தது. 35 முதல் 49 கிலோ வரை தினமும் மூன்று, 50 முதல் 64 வரை நான்கு. 47 கிலோவில் தொடங்கியவர் 53-ஐத் தொட்டபின்னும் மூன்றிலேயே நின்றால் மருந்து போதாது. மாதாமாதம் எடை பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இரண்டாம் மாதம் இருமல் அடங்கி, காய்ச்சல் விட்டு, சோறு இறங்க ஆரம்பிக்கும். பலர் மாத்திரையை நிறுத்துவது அப்போதுதான். மெதுவாகப் பெருகும் கிருமிகள் உள்ளே உயிரோடு இருக்கும். ஆறு மாதமும் முடிக்காவிட்டால் நோய் திரும்பும், மருந்துக்கு அடங்காததாகவும் மாறலாம். காரைக்குடியிலிருந்து திருப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் கிளம்பும் முன்பே சுகாதாரப் பணியாளரிடம் சொன்னால் அங்கேயே மருந்து கிடைக்க ஏற்பாடு செய்வார்கள். தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரையை முதல் இரண்டு மாதத்தில் தவிர்ப்பதே நல்லது. வேண்டுதலை அடுத்த வருஷம் நிறைவேற்றலாம்.

சர்க்கரை உள்ளவர்கள் பழைய ரிப்போர்ட்டை நம்பக்கூடாது. காசநோய் மருந்துகளில் ஒன்றான ரிபாம்பிசின், சில சர்க்கரை மாத்திரைகளின் வேகத்தைக் குறைத்துவிடும். காசநோய் மருந்து தொடங்கியபின் அடிக்கடி ரத்தச் சர்க்கரை பார்த்து அளவை மாற்ற வேண்டும்.

சிறுநீர் ஆரஞ்சு நிறமாவது ரிபாம்பிசினால்தான், பயம் வேண்டாம். ஆனால் கண் மஞ்சளாகி, வாந்தியும் பசியின்மையும் சேர்ந்தால் கல்லீரல் பாதிப்பு. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டு மாத்திரையைத் தொடர்வது ஆபத்து. மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மறுபடி எப்போது, எப்படித் தொடங்குவதென்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல். பார்வை மங்கினாலும் தாமதிக்கக்கூடாது.

சளிப் பரிசோதனைக்கு எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் கிருமி இருந்தும் 'இல்லை' என்றே வரலாம். காலையில் வாய் கொப்பளித்து, ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுங்கள். இரண்டாம் மாத முடிவிலும் கிருமி தெரிந்தால் மருந்து எதிர்ப்புப் பரிசோதனை கட்டாயம்.

சளி கட்டும் என்று பால், முட்டை, வாழைப்பழத்தை நிறுத்திப் பத்தியம் காக்காதீர்கள். நோயாளிக்கு வேண்டியதே அவைதான். காசநோயாளிகளின் சத்துணவுக்கு உதவும் மத்திய அரசின் நிக்ஷய் போஷண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வீதம் வங்கிக் கணக்கில் வரும். பதிவின்போதே பாஸ்புக் நகலைக் கொடுத்துவிடுங்கள்.