டீயில் மயக்க மருந்து கலந்து பணத்தைப் பறித்தால் புகாரில் என்ன எழுத வேண்டும்

மாங்காய் மண்டியில் வாங்கிய பணத்தோடு கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தார் என் மாமா. நல்லாப் பேசிய ஒருத்தர் டீ வாங்கிக் கொடுக்க, குடித்துவிட்டு பெங்களூரு பஸ் ஏறியவர் கண் விழித்தபோது ஓசூர் வந்திருந்தது, மடியில் பணம் இல்லை. ஸ்டேஷனில் போய் "பணத்தைத் திருடிட்டாங்க" என்று மட்டும் சொன்னார். டீ விஷயத்தைச் சொல்லக் கூச்சம். ரைட்டரும் அதையே எழுதிக்கொண்டார்.

வெறும் திருட்டு என்றால் பாரதிய நியாய சன்ஹிதா (இப்போதைய தண்டனைச் சட்டம்) பிரிவு 303, முதல் தடவை என்றால் அதிகபட்சம் 3 ஆண்டு. மயக்க மருந்து கொடுத்தது பிரிவு 123. அதற்கு 10 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது, விசாரணை செஷன்ஸ் கோர்ட்டில். 2024 ஜூலை 1க்கு முன்னால் நடந்தது என்றால் பழைய இ.பி.கோ. 328, தண்டனை அதேதான்.

இன்னொன்று, திருட்டு நடந்திருக்கவே வேண்டியதில்லை. குற்றம் செய்யும் நோக்கத்தோடு விஷமோ மயக்கமோ போதையோ தரும் பொருளை உட்கொள்ள வைத்தாலே 123 வரும், பர்ஸ் பத்திரமாக இருந்தாலும் சரி.

அதனால் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, எழுந்திருக்க முடியவில்லை என்றால் 108. என்ன குடித்தேன், எத்தனை மணிக்கு என்று டாக்டரிடம் சொல்லி ஏ.ஆர். புத்தகத்தில் (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடு) பதியச் சொல்லுங்கள், ரத்தமும் சிறுநீரும் எடுத்து வைக்கச் சொல்லிக் கேளுங்கள். நேரம் ஆக ஆக மருந்து உடம்பிலிருந்து போய்விடும், நாளைக்குப் பார்க்கலாம் என்பது இங்கே செல்லாது. வாந்தி பட்ட சட்டையைத் துவைக்காதீர்கள், டீயோடு பிஸ்கட்டும் கொடுத்திருந்தால் அந்தக் கவரைக் காகிதத்தில் மடித்து வையுங்கள்.

புகாரில் கொடுத்த ஆளின் அடையாளம், கடை, குடித்த நேரம், எப்போது தலை சுற்றியது, எங்கே விழித்தீர்கள் எல்லாம் வரட்டும். குடித்தது சாராயமாக இருந்தாலும் மறைக்காதீர்கள். அந்த ஆள் டீக்கு ஜிபேயில் பணம் கட்டியிருந்தால் அதையும் எழுதுங்கள், ஆளைப் பிடிக்க அது உதவும். கடை சிசிடிவி பதிவு சில நாளில் அழிந்துவிடும், அதை உடனே எடுக்கச் சொல்லுங்கள்.

குடித்தது கிருஷ்ணகிரி, விழித்தது ஓசூர், எங்கள் எல்லை இல்லை என்பார்கள். எந்த ஸ்டேஷனிலும் எல்லை பார்க்காமல் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போடலாம் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 173 சொல்கிறது, நகலும் இலவசம். ரயிலில் நடந்தால் 139 என்ற ரயில்வே எண்ணுக்கு போன் செய்யுங்கள். முதற்கட்ட விசாரணை என்று 14 நாள் எடுத்துக்கொள்வது 3 முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றத்துக்குத்தான், 123க்கு அது பொருந்தாது. பதிய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள், அப்புறமும் நடக்கவில்லையா, மாஜிஸ்திரேட்.

மாமா கையில் கடைசியில் இருந்தது ஒரு சி.எஸ்.ஆர். ரசீது, புகார் வந்தது என்பதற்கு ஸ்டேஷனில் தரும் சீட்டு. அது எஃப்.ஐ.ஆர். இல்லை என்பது அவருக்கு ஒரு மாசம் கழித்துத்தான் தெரிந்தது.